கடிக்கும் பிள்ளை, தள்ளும் பிள்ளை: கடலோர அங்கன்வாடியில் என்ன செய்யலாம்?

பவளப்புற்று எழுதியது:

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஒன்றியத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். பிள்ளையின் அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

நான்கு வயது நிரம்பிய ஒரு சிறுவன் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறான். கடிக்க வாய்க்காதபோது தள்ளிவிடுகிறான். தந்தை விசைப்படகில் கூலிக்குப் போகிறார். தாய் கடல்பாசி எடுக்கப் போகிறார். அப்பத்தாதான் காலையில் கொண்டுவந்து விடுகிறார். நாள் முழுவதும் அவன் இப்படி இருக்கிறான் என்று சொல்ல மாட்டேன். பாட்டு நேரத்திலும் மணல் விளையாட்டிலும் ஒருவரோடும் வம்பில்லை; தன்னைவிடச் சிறியவர்களுக்குச் செருப்பு மாட்டிவிடுகிற பிள்ளையும் அவன்தான். மையத்துக்கு வந்த முதல் அரைமணி நேரமும், விளையாட்டுப் பொருள்களை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரச் சொல்லும் நேரமுமே கடினமாக இருக்கின்றன.

கடிபட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் அவனை நிறுத்திவிடச் சொல்கிறார்கள். நிறுத்தினால் அவன் பகலெல்லாம் ஏலம் நடக்கும் இடத்தையும் கருவாடு காயும் மணலையும் சுற்றித் திரிவான் என்பதால் எனக்கு மனம் வரவில்லை. இந்த வயதுப் பிள்ளைகளிடம் நல்ல நடத்தையை வளர்க்க எது உண்மையில் உதவுகிறது, எதைச் செய்யவே கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். நகரத்துத் தனியார் மழலையர் பள்ளிகளுக்கு எழுதப்பட்ட யோசனைகளை நான் ஏற்கெனவே படித்துவிட்டேன். நம் கரையில் நடக்கக்கூடியதாக இருந்தால் நல்லது.

உப்பளத்தான் எழுதியது:

அம்மா, இதற்கு இவ்வளவு நீளமான கேள்வி தேவையில்லை. அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. நாங்கள் ஐந்து பேர் ஒரே வீட்டில் வளர்ந்தோம். தகப்பனார் வல்லப் படகிலிருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டாலே ஆளுக்கொரு மூலையில் அடங்கிவிடுவோம். எவரும் கெட்டுப்போகவில்லை. கடித்தவுடன் கையில் ஒன்று வைத்தால் மறுமுறை யோசிப்பான். இப்போதைய பிள்ளைகளுக்குப் பயம் என்பதே இல்லாமல் போனதுதான் எல்லாவற்றிற்கும் காரணம்.

கொண்டல்காற்று எழுதியது:

அங்கன்வாடிகளை மேற்பார்வையிடும் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருவாடானை முதல் சாயல்குடி வரை பல மையங்களில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உப்பளத்தான் ஐயாவுக்கு. உங்கள் தகப்பனாரின் காலடிச் சத்தம் கேட்டு நீங்கள் அடங்கினீர்கள் என்பதை நம்புகிறேன். அவர் கடலில் இருந்த நேரத்தில் ஐந்து பேரும் எப்படி இருந்தீர்கள் என்பதையும் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும். பயம், பயமுறுத்துகிறவர் இருக்கும் இடத்தில் மட்டுமே வேலை செய்கிறது. அதோடு, அடிக்கும் பெரியவர் அந்தக் கணத்திலேயே ஒரு பாடத்தையும் நடத்திவிடுகிறார்: வலியவன் எளியவனை அடித்துத் தன் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். 1961இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியைச் சேர்ந்த 72 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு பெரியவர் பொம்மையைத் தாக்குவதைப் பார்த்த பிள்ளைகள் பின்னர் அதே அடிகளையும் அதே சொற்களையும் திரும்பச் செய்து காட்டினார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சட்டத்தைப் பொறுத்தவரையில், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அங்கன்வாடிப் பிள்ளைகள் அந்தச் சட்டம் தொடங்கும் ஆறு வயதுக்குக் கீழே இருந்தாலும், தம் பொறுப்பிலுள்ள குழந்தையைத் துன்புறுத்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

இனி சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். எந்த நேரத்தில் கடிக்கிறான், எந்த நேரத்தில் கடிப்பதில்லை என்று நீங்களே பிரித்துப் பார்த்திருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. கடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, கடித்த உடனே அவனுக்கு என்ன கிடைத்தது என்ற இரண்டையும் இதோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுப் பிள்ளையின் கெட்ட நடத்தை எனப்படுவது பெரும்பாலும் அவனுக்கு எதையோ பெற்றுத் தருகிறது: ஒரு பொருள், ஒருவருடைய கவனம், அல்லது பிடிக்காத வேலையிலிருந்து விடுதலை. சாப்பிட உட்காரச் சொல்லும்போது கடிக்கிறான், நீங்கள் அவனைத் தூக்கித் தனியே உட்கார வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டமாக உட்காருவதைத்தான் அவன் விரும்பவில்லை என்றால், கடித்து அதைச் சாதித்துக்கொண்டான் என்று பொருள். நாம் தண்டனை என்று நினைத்ததை அவன் பரிசாகப் பெற்றிருக்கிறான்.

காரணம் தெரிந்தபின், அதே தேவையைக் கடிக்காமல் நிறைவேற்றிக்கொள்ளும் வழியை அவனுக்குக் கற்றுத்தர வேண்டும். "எனக்கு வேணும்", "தள்ளி உக்காரு", "இன்னும் கொஞ்ச நேரம்" என்ற மூன்று சொற்றொடர்களே பல பிள்ளைகளுக்குப் போதும். சொல் வராத பிள்ளைக்குக் கையால் ஒரு சைகை போதும். இதைக் கற்றுத்தரும் நேரம் முக்கியம். அவன் கத்திக்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லும் உள்ளே போகாது. ஆசையையும் சினத்தையும் அடக்கி நிறுத்துகிற மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி பெற இருபது வயதுக்கு மேல் ஆகிறது. நான்கு வயதில் அந்த வேலையை அருகிலிருக்கும் பெரியவர்தான் தம் குரலாலும் முகத்தாலும் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அமைதியான வேளையில் இரண்டு பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டி, அவனையும் சொல்ல வைத்துப் பழக்குங்கள். அவன் முதல்முறை கடிக்காமல் கேட்டுவிட்டால், கேட்டது உடனே கிடைக்க வேண்டும். கடித்தபோது கிடைத்தது, கேட்டபோது கிடைக்கவில்லை என்றால் எந்தப் பிள்ளைதான் கேட்கும்?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடித்தால் இனி ஒன்றும் கிடைக்காது என்ற நிலை வந்ததும், தொடக்கத்தில் அவன் முன்னைவிட அதிகமாகக் கடித்துப் பார்ப்பான். பழைய வழி ஏன் பலிக்கவில்லை என்று சோதிக்கிறான், அவ்வளவே. பலர் இந்த இடத்தில்தான் "இந்த முறையெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று கைவிடுகிறார்கள்.

தாழையடி எழுதியது:

நானும் பால்வாடியில்தான் பணிபுரிகிறேன். எங்கள் ஊரில் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். கொண்டல்காற்று அம்மா சொல்வது எல்லாம் சரி, ஆனால் யார் செய்வது? எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும், இணை உணவு வாங்க வரும் கர்ப்பிணிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆயாம்மா அடுப்படியில் இருப்பார். இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளை கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டிருக்க முடியுமா? பயிற்சிக்கு வருகிறவர்கள் யாரும் ஒரு முழு நாள் எங்கள் மையத்தில் தனியாக இருந்து பார்த்ததில்லை. இதைக் கோபமாகச் சொல்லவில்லை.

கொண்டல்காற்று எழுதியது:

தாழையடி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே ஒரு பிள்ளைக்கென்று தனியே செய்வதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் செய்வதில் பெரும்பங்கு உழைப்பைப் போடுங்கள் என்பதே என் கருத்து. வாசலில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்து வரவேற்பதற்குப் பதிவேடு தேவையில்லை. அன்றாட வேலைகளின் வரிசை மாறாமல் இருப்பதும், ஒன்று முடியப்போகிறது என்பதை முன்கூட்டியே ஒரே பாட்டைப் பாடி அறிவிப்பதும், "ஓடாதே" என்பதற்குப் பதிலாக "நடந்து வா" என்று செய்ய வேண்டியதைச் சொல்வதும் பழக்கமாகிவிட்டால், கடினமான பிள்ளைகள் என்று நாம் பெயர் வைத்தவர்களில் பலர் தாமாகவே அடங்கிவிடுகிறார்கள். அதன் பிறகும் எஞ்சுகிற ஓரிருவருக்குத்தான் குறிப்பேடு.

குலைகுலையாய் முந்திரிக்காய் ஆடும் பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். தன் முறை வரும்வரை திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், துணி தன் முதுகுக்குப் பின்னால் விழுந்தால் உடனே எழுந்து ஓட வேண்டும். அடக்கிக்கொள்வதும் சட்டென்று மாறுவதும் அதிலேயே பயிற்சியாகிவிடுகின்றன. இதற்கென்று விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுப் பெட்டி தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

பவளப்புற்று எழுதியது:

கொண்டல்காற்று அம்மா சொன்னபடி வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டை வைத்து, கடித்த நாள்களில் மட்டும் ஒரு வரி எழுதி வந்தேன். தாழையடி அக்கா கவனத்திற்கு: எழுத்து வேலை ஒரு நாளைக்கு ஒரு வரியைத் தாண்டவில்லை.

அவன் கடித்த காலைகள் பெரும்பாலும் தந்தை கடலுக்குப் போன காலைகளே. இங்கே விசைப்படகுகள் காலையில் புறப்பட்டு மறுநாள் காலை கரை திரும்புகின்றன. மீன்துறை டோக்கன் கொடுத்தால்தான் படகு எடுக்க முடியும். காற்று எச்சரிக்கை இருந்தால் டோக்கன் இல்லை. ஆகவே, அப்பா இன்று போகிறாரா இல்லையா என்பது வீட்டில் உள்ளவர்களுக்கே சில நாள்களில் காலையில்தான் தெரிகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாசி எடுக்கும் நாள்களில் தாயும் விடியுமுன் போய்விடுகிறார். பிள்ளை கண்விழிக்கும்போது இருவரும் இல்லை.

அப்பத்தாவிடம் மெல்லப் பேசிப் பார்த்தேன். அவன் எழுந்து கேட்கும்போது, அழக்கூடாதே என்று, "அப்பா கடைக்குப் போயிருக்கார், இப்ப வந்துருவார்" என்று சொல்லிவிடுகிறாராம். பிள்ளை வாசலிலேயே உட்கார்ந்திருப்பானாம். அங்கிருந்து இழுத்துக்கொண்டுதான் என் மையத்துக்கு வருகிறார்கள். அந்த அம்மாவின் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடலுக்குப் போனவரைப் பற்றிச் சின்னப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்பது நம் கரையில் எளிய கேள்வி இல்லை. நீங்களே சொல்லுங்கள், உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா?

கொண்டல்காற்று எழுதியது:

சொல்லத்தான் வேண்டும். அழுகையைத் தள்ளிப்போடச் சொல்லும் பொய், அழுகையோடு அவநம்பிக்கையையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறது.

2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை இதோடு இணைத்துப் பார்க்கலாம். மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 28 பிள்ளைகளைப் படம் வரைய உட்கார வைத்து, இன்னும் நல்ல வண்ணப் பொருள்களைக் கொண்டுவருவதாக ஒருவர் சொல்லிச் சென்றார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லை என்றார். அதன்பின் ஒரு மிட்டாயை வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இரண்டாவதும் உண்டு என்று சொன்னபோது, முதல் பிரிவினர் சராசரியாக 12 நிமிடமும், ஏமாற்றப்பட்ட பிரிவினர் 3 நிமிடமும்தான் காத்திருந்தார்கள். பொறுமை இல்லாத பிள்ளை என்று நாம் சொல்லும்போது, காத்திருந்தவனுக்கு முன்பு என்ன கிடைத்தது என்பதைக் கேட்பதே இல்லை. "இப்ப வந்துருவார்" என்பதை நம்பி வாசலில் உட்கார்ந்த பிள்ளையிடம், "கொஞ்சம் பொறு, உன் முறை வரும்" என்று நீங்கள் சொன்னால் அவன் ஏன் நம்ப வேண்டும்?

அப்பத்தா சொல்ல வேண்டியது சிறிய வாக்கியம்: "அப்பா கடலுக்குப் போயிருக்கார். ராத்திரி அங்கதான் இருப்பார். கரைக்கு வந்ததும் உன்னைப் பாக்க வருவார்." நேரம் உறுதியில்லாதபோது நேரத்தைச் சொல்ல வேண்டாம். அழுதால் அழட்டும், "அப்பாவத் தேடுதா?" என்று கேட்டு மடியில் வைத்துக்கொள்வதே போதும். தன் மனத்தில் இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்று தெரிந்த பிள்ளை, அதைப் பல்லால் சொல்ல வேண்டிய தேவை குறைகிறது.

உங்கள் மையத்தின் சுவரில் கடலில் படகு ஒன்று, கரையில் படகு ஒன்று என இரண்டு படங்களை ஒட்டி, அன்று அப்பா எங்கே இருக்கிறார் என்பதற்கேற்ப, காலையில் பிள்ளை தன் பெயரட்டையை ஒன்றின் கீழ் வைக்கும்படி செய்யலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும். அவன் ஒருவனுக்கு மட்டும் வேண்டாம். இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றவர்களின் பிள்ளைகள் உங்களிடம் இருந்தால், அவர்களிடமும் இதே நேர்மைதான்: அப்பா வேறு ஊரில் இருக்கிறார், அவரைப் பெரியவர்கள் அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அழைத்துவர முயற்சி நடக்கிறது, அதுவரை உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம். படகு, வலை, அபராதம் பற்றிய பேச்சைப் பிள்ளையின் தலைக்கு மேல் நடத்தாமல் இருப்பதும் அவசியம். கேட்காதது போல் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை அத்தனையும் கேட்கிறது.

கீழக்கரை ராத்தா எழுதியது:

எங்கள் பக்கத்தில் வாப்பா கடலில் இல்லை, துபாயிலும் சவூதியிலும் இருக்கிறார்; பிள்ளைகளின் தவிப்பு என்னவோ ஒன்றுதான். என் தங்கை மகன் ஐந்து வயதுக்காரன். அவன் வாப்பா ஒவ்வொரு அழைப்பிலும், "உம்மாவத் தொந்தரவு பண்ணாம இருந்தா கார் வாங்கிட்டு வர்றேன்" என்பார். இப்போது பிள்ளை எதைச் செய்யச் சொன்னாலும், "என்ன தருவீங்க?" என்கிறான். இதில் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. இன்னொன்று, அழுதவுடன் கையில் கைப்பேசியைக் கொடுப்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கமாகிவிட்டது. வாங்கினால் முன்னைவிடப் பெரிய அழுகை. இதற்கும் வழி சொல்லுங்கள்.

கொண்டல்காற்று எழுதியது:

ராத்தா கேட்டது நல்ல கேள்வி. 1973இல் நடந்த ஓர் ஆய்வில், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமாக இருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படியே கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிரிவினர் ஓய்வு நேரத்தில் வரைவது மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. விருப்பத்தோடு செய்ததைக் கூலிக்குச் செய்யும் வேலையாக மாற்றிவிட்டார்கள். பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டிப் பேரம் பேசுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். வாப்பா அழைப்பில், "தம்பிக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தியாமே, உம்மா சொன்னாங்க" என்று நடந்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் போதும். "நல்ல பிள்ளை" என்ற பொதுப் பாராட்டைவிட, எதைச் செய்தான் என்று சொல்லும் பாராட்டில்தான் மறுநாள் எதைச் செய்வது என்பது அவனுக்குத் தெரியும்.

கைப்பேசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலே தெளிவாக இருக்கிறது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. அதே வழிகாட்டுதல் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது. வாப்பாவோடு முகம் பார்த்துப் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்க நான் விரும்பவில்லை, அது பேச்சு. அழுகையை நிறுத்தக் கொடுப்பதைத்தான் விட வேண்டும், ஏனெனில் அடங்குவதற்கான வழியை அவன் தனக்குள் தேடிக்கொள்ளவே அது இடம் கொடுப்பதில்லை.

உப்பளத்தான் எழுதியது:

அடிக்கக் கூடாது, மிட்டாய் கொடுக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, போனும் கொடுக்கக் கூடாது. அப்படியென்றால் கடிபட்ட பிள்ளையின் தாய்க்கு இந்த டீச்சர் என்ன பதில் சொல்வார்? அப்பா கடலில் இருக்கிறார் என்பதற்காக என் பேத்தியின் கையில் பல் பதிய வேண்டுமா? காலடிச் சத்தம் பற்றி அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.

பனையோலை எழுதியது:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். ஐயா கேட்பது நியாயமான கேள்வி. கனிவு என்றால் கண்டிப்பு இல்லை என்று இங்கே யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கடித்த உடனே இடையில் புகுந்து, கையைப் பிடித்து, குரலை உயர்த்தாமல், "கடிக்க விடமாட்டேன்" என்று ஒரே வாக்கியத்தில் நிறுத்த வேண்டும். அதன்பின் டீச்சர் முதலில் போக வேண்டியது கடிபட்ட பிள்ளையிடம். காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, தோல் கிழிந்திருந்தால் எங்களிடம் அனுப்ப வேண்டும். கடித்தவன் அடங்கியபின் ஈரத்துணியைக் கொண்டுவந்து கொடுக்கலாம். மன்னிப்புக் கேள் என்று வற்புறுத்திப் பெறும் சொல்லைவிட இது பயனுள்ளது. உங்கள் பேத்தியின் தாயிடம், என்ன நடந்தது, இனி எந்த நேரத்தில் யார் அருகில் நிற்பார் என்பதை அன்றே டீச்சர் நேரில் சொல்ல வேண்டும். மறைத்தால்தான் ஊர்ப் பஞ்சாயத்து வரை போகும்.

நான் எழுத வந்தது வேறொன்று. பிள்ளையின் காதைப் பார்த்தீர்களா? காதில் சீழ் வடிவதை, தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். பாதிதான் கேட்கிற பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாது. சத்தமான கூட்டத்தில் ஒன்றும் புரியாமல் தள்ளிவிடும். சொல்பேச்சுக் கேட்காதவன் என்று பெயரும் வாங்கிவிடும். சாப்பிட உட்காரும் நேரத்தில் உங்கள் மையத்தில் இரைச்சல் அதிகம் என்பதால்தான் கேட்கிறேன். பேச்சு வயதுக்கேற்ப வந்திருக்கிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறானா, மற்றப் பிள்ளைகளோடு பாவனை விளையாட்டு விளையாடுகிறானா என்பதையும் கவனியுங்கள். 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருகிறது. அடுத்த வருகையில் இவன் பெயரை முதலில் எழுதி வையுங்கள்; காதில் சீழோ வலியோ இருந்தால் அவர்களுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைக்கு அடியோ வேறு துன்பமோ நடக்கிறது என்ற ஐயம் இருந்தால் 1098க்கு அழைக்கலாம்.

பவளப்புற்று எழுதியது:

காதைப் பற்றி நான் எண்ணியே பார்க்கவில்லை. அப்பத்தாவிடம் இன்றே கேட்கிறேன். பெயரட்டையும் இரண்டு படங்களும் தயாராகிவிட்டன. சாப்பாட்டுக்கு முன் இலைத்தட்டுகளை அடுக்கும் வேலையை அவனிடமே கொடுத்திருக்கிறேன். கூட்டமாக உட்காரும் முதல் சில நிமிடம் அவன் நின்றுகொண்டிருப்பதால், அந்த நேரம் இப்போது சற்று இலகுவாகக் கழிகிறது. காலை நேரம் இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த 61 நாளும் தந்தை வீட்டில் இருப்பார். தடை முடிந்து படகுகள் மீண்டும் போகும்போது எல்லாம் தொடக்கத்திலிருந்து வருமோ என்ற கவலை இருக்கிறது.

தாய்மார்களைக் கூட்டி இதையெல்லாம் பேச நினைக்கிறேன். அப்பத்தாவையும் காலை முதல் அரைமணி நேரம் மையத்தில் உட்காரச் சொல்லலாமா?

கொண்டல்காற்று எழுதியது:

உட்காரச் சொல்லுங்கள். ஆனால் அவர் போகும்போது பிள்ளைக்குத் தெரியாமல் நழுவக் கூடாது. "அப்பத்தா போயிட்டு, சாப்பாடு முடிஞ்சதும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்ன நேரத்தில் வரவும் வேண்டும். ஜூன் மாதத்துக்குக் கவலை வேண்டாம், முன்னேற்பாடு வேண்டும். தடை முடிவதற்குச் சில நாள் முன்பிருந்தே, அப்பா மறுபடி கடலுக்குப் போகப்போகிறார் என்பதைத் தந்தையே அவனிடம் சொல்லட்டும். முடிந்தால் கரைக்கு அழைத்துப்போய்ப் படகுக்கு வண்ணம் பூசுவதைக் காட்டட்டும். பழைய நடத்தை கொஞ்சம் திரும்பி வந்தாலும், கற்றது அழிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தாழையடி எழுதியது:

கூட்டத்தைப் பற்றி ஒரு யோசனை. பாசி எடுக்கும் நாள்களில் வைத்தால் அந்தத் தாயே வர மாட்டார். படகு கரை திரும்பும் காலையில் வைத்தால் ஏலத்துக்குப் போய்விடுவார்கள். டோக்கன் கொடுக்காத நாளாகப் பார்த்து மதியத்துக்கு மேல் வைத்தால் தகப்பன்மார்களும் இருப்பார்கள், அவர்களையும் உட்கார வைக்கலாம். அந்தச் சிறுவனின் பெயரைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். பிள்ளைகள் ஏன் கடிக்கிறார்கள் என்று பொதுவாகத் தொடங்குங்கள். அந்த இரண்டு படங்களையும் என் மையத்துக்கு வரைந்து தர முடியுமா? எங்களுக்கு நாட்டுப்படகு வேண்டும். இங்கே விசைப்படகு இல்லை.